கழற்றிப் பூட்டிய வீடு

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பெரிய தேவாலயத்துக்கு அருகே, கறுத்த மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக மூன்று தளங்களோடு ஒரு பப் நிற்கிறது. ஓல்ட் வெலிங்டன் இன் என்பது அதன் பெயர். 1552இல் கட்டப்பட்டது என்று நகர வரலாறு குறிக்கிறது. ஆனால் இன்று அது நிற்கும் இடத்தில் 1999க்கு முன் அது இருந்ததில்லை. மூன்றாம் தளம் 17ஆம் நூற்றாண்டில்தான் மேலே ஏறியது. பப் என்ற அடையாளம் 1830இல் வந்தது. 1970களில் அதன் அடியில் கான்கிரீட் மேடை போட்டு, வீட்டை அப்படியே ஏறத்தாழ நாலே முக்கால் அடி உயர்த்தினார்கள். 1990களின் கடைசியில் அதைக் கட்டை கட்டையாகக் கழற்றி, கூப்பிடு தூரத்தில் மறுபடியும் பூட்டினார்கள். இவ்வளவும் தெரிந்த ஒருவர், இதில் 1552 எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இடம் மாறிவிட்டது, உயரம் மாறிவிட்டது, தொழிலும் மாறிவிட்டது. மிஞ்சியது ஒரு பழைய தோற்றம் மட்டும்தானே என்று தோன்றும். இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. ஓக் மரச்சட்டகத்தில் எழுந்த ஒரு பப்பின் உண்மை அதன் மூட்டுகளில் இருக்கிறது. கழற்றிப் பூட்டுவது அந்தக் கட்டுமான முறையோடு கூடப் பிறந்தது. ஆகவே ஓல்ட் வெலிங்டன் இடம் பெயர்ந்ததால் போலியாகிவிடவில்லை. அது இழந்தவை உண்டு. அவற்றையும் மறைக்காமல் எண்ணிப் பார்த்தால்தான் இந்த வாதம் நிற்கும்.

முதலில் மரச்சட்டகம் என்றால் என்ன என்று தெளிவாகப் பார்க்க வேண்டும். கல் வீட்டிலும் செங்கல் வீட்டிலும் சுவர்தான் பாரம் தாங்கும். மரச்சட்டக வீட்டில் தூண்களும் உத்தரங்களும் சாய்வுக் கட்டைகளும் சேர்ந்த கூடு பாரத்தைத் தாங்கும். இடையில் இருக்கும் சுவர் வெறும் அடைப்பு. ஹேசல் என்னும் புதர்மரத்தின் குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். மண்சுவர் வீடு அறிந்த எவருக்கும் இந்தக் கலவை அந்நியமாக இருக்காது. கூட்டுக்கு வேண்டிய ஓக் மரத்தைக் காயவைத்து அறுப்பது அன்றைய வழக்கமில்லை. வெட்டிய சில மாதங்களிலேயே, ஈரம் காயுமுன், கோடரியாலும் வாய்ச்சியாலும் செதுக்கி விடுவார்கள். பச்சை ஓக் உளிக்கு இணங்கும். காய்ந்துவிட்டாலோ இரும்புபோல எதிர்க்கும். சட்டகமாக நின்றபின் அது பல ஆண்டுகளில் மெல்லக் காய்ந்து, சுருங்கி, முறுகி, மூட்டுகளை இன்னும் இறுக்கிக்கொள்ளும். பழைய பப்புகளில் தரை ஒருபக்கம் சரிந்திருப்பதும், வாசற்கால் கோணியிருப்பதும், உத்தரம் வில்லாக வளைந்திருப்பதும் அஸ்திவாரக் குறையால் மட்டும் நேர்ந்தவை அல்ல. பச்சை மரம் வீட்டுக்குள் இருந்தபடியே காய்ந்த வரலாறும் அந்தக் கோணல்களில் இருக்கிறது.

வேலை நடந்த விதம் இன்னும் முக்கியம். தச்சர்கள் வீடு எழும் மனையில் வேலையைத் தொடங்கவில்லை. தங்கள் பட்டறை முற்றத்தில் ஒரு சுவருக்குரிய கட்டைகள் அனைத்தையும் தரையில் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தூக்குக்குண்டு பிடித்து, ஒவ்வொரு மூட்டையும் அதன் இணைக்கு மட்டும் பொருந்தும்படி அளந்து வெட்டினார்கள். கையால் செதுக்கிய மரம் எதுவும் முழுச் சதுரமாக இருக்காது. ஒரு மூட்டுக்கு வெட்டிய நாக்கு இன்னொரு மூட்டின் துளையில் சரியாக அமராது. ஆகவே கட்டைகள் கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு மூட்டின் இருபுறமும் உளியால் ஒரே எண்ணைக் கீறினார்கள். நேர்க்கோடுகளால் ஆன ரோமானிய எண்கள் இதற்கு வசதியாக இருந்தன. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுபோய், எண் பார்த்துப் பூட்டி, கயிறும் கவையும் கொண்டு தூக்கி நிறுத்தினார்கள். துளைக்குள் நாக்கு அமர்ந்ததும் இரண்டையும் ஊடுருவி ஒரு மர ஆணி இறங்கும். நாக்கில் போடும் ஆணித்துளையைத் தச்சர் மயிரிழை உள்தள்ளிப் போட்டிருப்பார். ஆணியை அடிக்க அடிக்க நாக்கு இன்னும் உள்ளே இழுபட்டு மூட்டு பிடித்துக்கொள்ளும். பசையும் வேண்டாம், இரும்பும் பெரும்பாலும் வேண்டாம். இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். இந்த வீடுகள் ஒவ்வொன்றும் தன் மனையைக் காணும் முன்பே ஒருமுறை வேறிடத்தில் முழுமையாகப் பொருந்திக் கழற்றப்பட்டவை. ஆக, மான்செஸ்டரில் 1990களில் நடந்தது அந்தச் சட்டகத்தின் வாழ்க்கையில் முதல் பயணம்கூட அல்ல.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு இங்கிலாந்தின் வரலாற்றிலேயே பெரிய சான்றுகள் உண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் புகழ்பெற்ற ஓக் கூரையை 1390களில் ஹியூ ஹெர்லண்ட் என்னும் அரசத் தச்சர் அமைத்தார். அந்தக் கூரையின் கட்டைகள் சர்ரே பகுதியின் ஃபார்ன்ஹம் அருகே செதுக்கிப் பொருத்தப்பட்டு, பிறகு வண்டியிலும் படகிலும் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்து சேர்ந்தன. அதைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது 1598 டிசம்பரில் நடந்தது. லண்டனின் வடக்கே ஷோர்டிச்சில் இருந்த ‘தியேட்டர்’ என்னும் நாடக அரங்கின் நிலக் குத்தகை முடிந்துபோனது. நிலத்துக்காரர் கைல்ஸ் ஆலன் புதுக் குத்தகைக்கு இறங்கி வரவில்லை. அரங்கின் உரிமையாளர்களான பர்பேஜ் சகோதரர்கள் தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டை அழைத்துவந்து, அரங்கைப் பிரித்து, மரத்தைத் தேம்ஸ் நதிக்கு அக்கரை கொண்டுபோய், 1599இல் சவுத்தார்க்கில் புதிய அரங்காக நிறுத்தினார்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்களோடு உலகம் சேர்த்து நினைக்கும் குளோப் அரங்கு அதுதான். ஆலன் வழக்குத் தொடுத்தார். ஆனால் 1576இல் எழுதப்பட்ட பழைய குத்தகைப் பத்திரத்திலேயே, கட்டியவர் கட்டடத்தைப் பிரித்து எடுத்துச் செல்லலாம் என்ற பிரிவு இருந்தது. நிலம் ஒருவருடையது, அதன்மேல் நிற்கும் சட்டகம் இன்னொருவருடையது, அதைப் பெயர்த்துச் செல்ல முடியும் என்று பத்திரம் எழுதியவரே எண்ணியிருக்கிறார். அந்தக் காலத்து மக்கள் மர வீட்டை மலையைப்போல அசையாப் பொருளாகக் கருதியிருந்தால் இப்படி ஒரு பிரிவுக்கு இடமே இருந்திருக்காது. நமக்கு அருகில் உள்ள காலத்திலும் இது தொடர்ந்தது. எக்ஸெட்டர் நகரில் 1961இல் ஒரு புதிய சாலைக்காக, 20 டன்னுக்கு மேல் எடையுள்ள இடைக்கால மர வீடு ஒன்றைச் சட்டகம் கலையாமல் தண்டவாளத்தில் உருட்டி மேட்டுக்கு ஏற்றினார்கள். ‘நகர்ந்த வீடு’ என்றே அது இன்றும் அறியப்படுகிறது.

இடத்தைப் பற்றிய வாதம் இது. தொழிலைப் பற்றியும் அதே போலக் கேட்கலாம்: 1830இல் பப்பான ஒன்றை 1552இன் பப் என்று எப்படிச் சொல்வது? சொல்லக் கூடாது என்பதே நேர்மையான பதில். ஆனால் அதனால் அதன் கட்டடக் கலை பப்பின் வரலாற்றுக்கு வெளியே போய்விடாது. பப் என்பது ‘பொது வீடு’ என்ற சொல்லின் சுருக்கம். பெயரிலேயே வீடு இருக்கிறது. 1552ஆம் ஆண்டே, அரசர் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், ஏல் என்னும் பார்லி மதுவை விற்பவர்கள் மாவட்ட நீதிபதிகளிடம் உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. 1577இல் எடுத்த கணக்கு ஒன்று, 30 மாவட்டங்களில் 14,000க்கும் மேற்பட்ட ஏல் வீடுகளையும், 1,600க்கும் மேற்பட்ட பயண விடுதிகளையும், 300க்கும் மேற்பட்ட வைன் கூடங்களையும் காட்டுகிறது. இவற்றில் விடுதிகள் சில அந்த நோக்கத்துக்கென்றே கட்டப்பட்டவை. கிளாஸ்டர் நகரின் நியூ இன்னை 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நகர மடத்தார் யாத்திரிகர்களுக்காக முற்றமும் சுற்று மாடமுமாக எழுப்பினார்கள். ஆனால் எண்ணிக்கையில் மிகுந்த ஏல் வீடுகள் உண்மையாகவே வீடுகள்தான். அடுப்படியில் விருந்தினர் உட்கார்ந்தார்கள். நிலவறையிலிருந்து கூஜாவில் மது வந்தது. இன்று பப்பின் உயிர்நாடி என்று நாம் எண்ணும் நீண்ட கவுண்ட்டர் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மேசைக்கு மேலிருந்து கைப்பிடியை இழுத்து நிலவறைப் பீரை ஏற்றும் பம்புக்கு ஜோசப் பிராமா 1797இல்தான் காப்புரிமை பெற்றார். ஆகவே பழைய பப்பின் கட்டடக் கலை என்று தனியே ஒன்றைத் தேடுபவர் கடைசியில் வீட்டின் கட்டடக் கலைக்கே வந்து நிற்பார்.

அந்த வீடு தொழில் மாற ஏன் இவ்வளவு எளிதாக இடம் கொடுத்தது என்பதற்கும் சட்டகமே விடை. இரண்டு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட அங்கணம்தான் இந்த வீடுகளின் அளவுகோல். மூன்று அங்கண வீட்டுக்கு நான்காவது அங்கணம் சேர்க்கலாம். இரண்டு அங்கணங்களுக்கு இடையே உள்ள மண்தட்டியை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கலாம். அடைப்பு எதுவும் பாரம் தாங்காததால் ஜன்னலை எங்கும் திறக்கலாம், கதவை எங்கும் அடைக்கலாம். ஓல்ட் வெலிங்டன் இந்தச் சலுகையை முழுக்கப் பயன்படுத்திக்கொண்ட வீடு. கட்டிய சில ஆண்டுகளிலேயே பைரம் குடும்பத்தார் அதில் துணிக்கடையும் குடியிருப்பும் அமைத்தார்கள். சுருக்கெழுத்து முறை ஒன்றை உருவாக்கியவரும் கவிஞருமான ஜான் பைரம் 1692இல் அங்கே பிறந்தார். 1830இல் வின்ட்னர்ஸ் ஆர்ம்ஸ் என்ற பெயரில் அது உரிமம் பெற்றது. பீர் விற்பனையை எளிதாக்கி, வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டணத்தில் உரிமம் பெறலாம் என்று இங்கிலாந்தின் புதிய சட்டம் சொன்னதும் அதே ஆண்டில்தான். நாடெங்கும் சாதாரண வீடுகள் பீர்க் கடைகளாக மாறின. அதன்பின் கீழ்த்தளம் பப்பாக நடக்க, மேல்தளத்தில் ஒளியியல் கருவிகள் செய்பவர்களும் பிறகு தூண்டில் சாமான் விற்பவர்களும் இருந்தார்கள். வுஸ்டர்ஷயரின் பிரெட்ஃபோர்டன் கிராமத்தில் உள்ள ஃபிளீஸ் இன் 15ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடு. 1848இல்தான் அது உரிமம் பெற்றது. லட்லோ நகரத்தின் ஃபெதர்ஸ் 1619இல் எழுந்த தனி மனிதரின் மாளிகை. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அது விடுதியாயிற்று. துணிக்கடையோ பண்ணைவீடோ மாளிகையோ, மூன்றும் பப் ஆனபோது சட்டகத்தை இடிக்கத் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு தவறான அளவுகோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைமையைத் தேடி வருபவர் பெரும்பாலும் இரண்டைப் பார்க்கிறார்: சுவரில் எழுதிய ஆண்டு, மரத்தின் கறுப்பு. இரண்டும் நம்பத் தகுந்த சாட்சிகள் அல்ல. நாட்டிங்ஹம் நகரில் ட்ரிப் டு ஜெருசலேம் என்னும் பப்பின் சுவரில் 1189 என்று எழுதியிருக்கிறது. அதன் பின்னாலுள்ள குகைகள் எவ்வளவு பழையவையாகவும் இருக்கட்டும், முன்னால் நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே நகரில் அவ்வளவு புகழ் பெறாத பெல் இன்னின் மரங்கள் அதைவிடப் பழையவை. கறுப்பு நிறமும் அப்படியே. பூச்சில்லாத ஓக் காலப்போக்கில் வெள்ளிச் சாம்பல் நிறம் அடையும். பல ஊர்களில் மரத்தையும் மண்சுவரையும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். சஃபோக் பகுதியின் லாவனம் ஊரில் இந்த நிறங்களை இன்றும் காணலாம். மரத்துக்குத் தார் பூசிக் கறுப்பாக்கி, இடைச் சுவரைப் பளிச்சென்று வெளுக்கும் வழக்கம் பெருமளவு 19ஆம் நூற்றாண்டின் ரசனையால் பரவியது. பிறகு 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மது ஆலைகள் செங்கல் சுவரின்மேல் கறுப்புப் பலகைகளை அறைந்து, பழைமையின் சாயலில் ஏராளமான பப்புகளைக் கட்டின. அவை நல்ல கட்டடங்களாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே மரம் எதையும் தாங்கவில்லை. அந்தப் பலகைகளை நாளைக்குப் பிடுங்கிவிட்டாலும் கூரை விழாது.

அப்படியானால் நம்பத் தகுந்த சாட்சி எது? மரத்தின் உடலே. ஓக் மரத்தின் ஆண்டு வளையங்கள் மழை மிகுந்த ஆண்டில் அகன்றும் வறண்ட ஆண்டில் குறுகியும் படிகின்றன. ஒரு பகுதியின் மரங்களில் இந்த வரிசை ஒத்திருப்பதால், உத்தரத்தில் துளையிட்டு எடுத்த மெல்லிய குச்சியைக் கொண்டு மரம் எந்த ஆண்டில் வளர்ந்தது என்று கண்டறியலாம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் தப்பியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். பச்சையாகவே மரத்தைச் செதுக்கிய பழக்கத்தால் வெட்டிய ஆண்டும் வீடு எழுந்த ஆண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூட்டுகளும் அவ்வாறே பேசும். தூண், சுவர்மேல் உத்தரம், குறுக்கு விட்டம் மூன்றும் ஒரே தலையில் சந்திக்கும் இடத்தைத் தச்சர்கள் எப்படி வெட்டினார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. வேர்ப்பக்கம் அகன்ற அடிமரத்தைத் தலைகீழாக நிறுத்தி, அகன்ற பகுதியை மேலே வரவைத்து, மூன்று மூட்டுக்கும் இடம் கண்ட யுக்தி இந்த மரபின் சிறந்த சிந்தனைகளில் ஒன்று. இத்தகைய மூட்டுகளை வரிசைப்படுத்திக் காலம் கணிக்கும் முறையை செசில் ஹியூவட் தம் வாழ்நாள் உழைப்பாகச் செய்து, 1980இல் நூலாகவும் தந்தார். இந்தச் சாட்சிகள் எவையும் வீடு எந்தத் தெருவில் நிற்கிறது என்பதைச் சார்ந்தவை அல்ல. கூப்பிடு தூரம் நகர்த்தினாலும் வளையம் மாறாது, உளித்தடம் அழியாது, எண் பொய்யாகாது.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, மிகக் கனமானது: கட்டடம் என்பது மரம் மட்டுமல்ல, இடமும்தான். பழைய கட்டடங்களைக் காப்பதற்கான நெறிகளை வகுத்த 1964இன் வெனிஸ் சாசனம், நினைவுச்சின்னத்தை அது சாட்சி சொல்லும் வரலாற்றிலிருந்தும் சூழலிலிருந்தும் பிரிக்கக் கூடாது என்கிறது. அதைக் காப்பாற்ற வேறு வழியில்லாதபோதோ, நாட்டு அளவிலான அல்லது உலக அளவிலான பெருந்தேவை இருக்கும்போதோ மட்டுமே நகர்த்த அனுமதிக்கிறது. ஓல்ட் வெலிங்டன் சந்தைச் சதுக்கத்தின் வீடு. துணிக்கடை அங்கே அமைந்ததும், மேல்தளம் தெருவுக்கு மேலாக நீட்டிக்கொண்டு வந்ததும், மூன்றாம் தளம் ஏறியதும் சந்தையோரத்து மனையின் விலையும் நெருக்கமும் தந்த விளைவுகள். இடத்தை எடுத்துவிட்டால் இந்தக் காரணங்கள் காற்றில் தொங்கும். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த இடம் எப்போது போனது என்று பார்க்க வேண்டும். 1940 டிசம்பரில் ஜெர்மானிய விமானங்கள் மான்செஸ்டரில் குண்டு மழை பொழிந்தபோது பழைய சந்தைச் சதுக்கம் பெருமளவு அழிந்தது. இந்த மர வீடு தப்பியது. எஞ்சியதை 1970களின் கான்கிரீட் திட்டம் விழுங்கியது. புதிய தள மட்டத்துக்கு ஏற்ப வீடு மேலே தூக்கப்பட்டபோதே அது தன் தெருவிலிருந்து பிரிந்துவிட்டது. 1999இல் அது விட்டுவந்தது 1552இன் சந்தையை அல்ல, தன்னைச் சுற்றி எழுந்த 25 ஆண்டு வயதுடைய கான்கிரீட் முற்றத்தை. இடத்திலேயே இருப்பது முழுமைக்கு உத்தரவாதமும் இல்லை. சவுத்தார்க்கின் ஜார்ஜ் இன் 1676 தீவிபத்துக்குப் பின் அடுத்த ஆண்டு எழுந்த, மாடம் சூழ்ந்த விடுதி. அது ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் 1889இல் ரயில் நிறுவனம் அதன் பெரும்பகுதியை இடித்தது. முற்றத்தைச் சூழ்ந்திருந்த கட்டடத்தில் தெற்குப் பக்கம் மட்டும் மிஞ்சி, 1937இல் தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்தது. இடம் காப்பாற்றப்பட்டும் முற்றம் என்ற கருத்தே அங்கே உடைந்துபோயிருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம்: நகர்த்தியதன் காரணம் தூய்மையானதா? 1996 ஜூன் 15ஆம் தேதி ஐஆர்ஏ என்னும் அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த, ஒன்றரை டன் எடையுள்ள வண்டிக்குண்டு மான்செஸ்டரின் நடுப்பகுதியைச் சிதைத்தது. முன்னெச்சரிக்கையால் மக்களை வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பக்கத்துக் கட்டடங்கள் நொறுங்கியபோது இந்த மர வீடு சேதத்தோடு நின்றது. ஆகவே அதைக் கழற்ற வைத்தது குண்டு அல்ல. குண்டுக்குப் பின் வரைந்த புதிய தெருத் திட்டமும் அங்காடிகளுக்கு வேண்டிய மனையும்தான். இதை மறைத்து, குண்டிலிருந்து மீட்கப்பட்ட வீடு என்று மட்டும் கதை சொன்னால் அது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனால் இரண்டு தீர்ப்புகளை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். நகர்த்தியது சரியா என்பது நகரத்தாரின் முடிவைப் பற்றிய தீர்ப்பு. நகர்ந்தது உண்மையான வீடா என்பது வீட்டைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதில் தயக்கம் இருப்பவரும் இரண்டாவதில் ஆம் என்று சொல்லலாம். பர்பேஜ் சகோதரர்களும் கலைக்காகத் தியேட்டரைப் பெயர்க்கவில்லை. குத்தகைத் தகராறுக்காகப் பெயர்த்தார்கள். அதனால் அந்த ஓக் கட்டைகள் பொய்யாகிவிடவில்லை. ‘இப்படி ஒத்துக்கொண்டால், மனை வேண்டுபவர் எல்லாரும் பழைய வீடுகளை மூலைக்கு ஒதுக்குவார்களே’ என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து சட்டத்திலும் விழிப்பிலும் இருக்கிறது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்ற வெனிஸ் சாசனத்தின் நிபந்தனையை உறுதியாகப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. வீட்டைப் போலி என்று பழிப்பதில் அந்த மருந்து இல்லை. போலி என்ற பழி ஒருமுறை ஒட்டிவிட்டால், அடுத்தமுறை அதை இடிக்க வருபவருக்கே அது உதவும்.

மூன்றாவது எதிர்வாதம்: இவ்வளவு காலத்தில் எத்தனை கட்டைகள் புதியவை? அடிக்கட்டை உளுத்தால் வெட்டி எறிந்து புதுக்கட்டை ஒட்டுவார்கள், மண்சுவர் எத்தனையோ முறை புதுப்பிக்கப்பட்டது, ஓடும் அப்படியே. எல்லாம் மாறிவிட்டால் பழையது எது? இந்தக் கேள்விக்கு மரச்சட்டகம் தன் முறையிலேயே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஈரம் ஏறும் தூணின் அடிப்பகுதியை மட்டும் அறுத்து, புது ஓக்கை அதே மாதிரி நாவெட்டி ஒட்டுப்போட்டு, மர ஆணியால் பிணைப்பது தச்சர்கள் ஆதியிலிருந்து செய்துவந்த பழுதுபார்ப்பு. எங்கே ஒட்டு விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரியும், தெரிய வேண்டும். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877இல் தொடங்கிய பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கம் வற்புறுத்தியதும் இதைத்தான்: பழையதை இடித்துப் பழையதுபோலப் புதிதாகக் கட்டாதீர்கள், பழுதை நேர்மையாகப் பழுதாகவே பாருங்கள். ஒட்டுப்போட்ட கட்டை பக்கத்துக் கட்டையின் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்கும்வரை, எண்ணிட்ட மூட்டுகளில் போதுமானவை தங்கள் இணையோடு இருக்கும்வரை, சட்டகத்தின் அறிவு உயிரோடு இருக்கிறது. அந்த அறிவு போய், பழைய மரத்தைச் செங்கல் சுவரின்மேல் வெறும் அலங்காரமாக அறைந்துவிட்டால், ஒவ்வொரு கட்டையும் 1552ஐச் சேர்ந்ததாக இருந்தாலும் கட்டடம் செத்துவிட்டது என்பதே என் முடிவு.

மரச்சட்டகத்தால் தூக்கிச் செல்ல முடியாதது ஒன்று உண்டு. அது வீடுகளுக்கு இடையே இருந்த வெளி. ஓல்ட் வெலிங்டனோடு சேர்ந்து நின்ற 18ஆம் நூற்றாண்டின் சின்க்ளேர்ஸ் பப்பும் கூடவே இடம் பெயர்ந்தது; ஆனால் புதிய இடத்தில் இரண்டும் முன்போல நிற்கவில்லை, ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்கின்றன. இரண்டு வீட்டின் எலும்பும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அவற்றின் முன்னே ஓடிய தெருவின் கோடு வரவில்லை. அந்தக் கோட்டுக்கு உளியால் கீறிய எண் எதுவும் இருக்கவில்லை. தச்சர் தம் மூட்டுகளை அடுத்தவர் பூட்டும்படி குறித்துவைத்தார். தெருவை அப்படிக் குறித்துவைக்கும் பொறுப்பு நகரத்துக்கு இருந்தது. இந்த வீட்டை நம்பலாம். அதன் முன்னால் விரியும் சதுக்கத்தை 1999இல் பிறந்ததாகவே எண்ண வேண்டும். இரண்டையும் இப்படிப் பிரித்து வாசிக்கக் கற்றுக்கொண்டால், ஓல்ட் வெலிங்டனுக்குள் நுழைபவர் தலையை உயர்த்தித் தேட வேண்டியது சுவரில் எழுதிய ஆண்டை அல்ல, உத்தரமும் தூணும் சந்திக்கும் மூலையை. அங்கே மர ஆணி இன்னும் பாரம் தாங்குகிறதென்றால், 1552இல் ஒரு பட்டறை முற்றத்தில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்த அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.